வெயிலில் நிற்க முடியாதவர் உருவாக்கிய வெளிப்புறப் பயிற்சி: யார் இந்த குர்ட் ஹான்?

உயர்நிலை மூன்றில் படிக்கிறீர்களா? அப்படியென்றால் புலாவ் உபின் பயணம் உங்களுக்கு முடிந்திருக்கும். இல்லையென்றால் வந்துகொண்டிருக்கும்.

ஐந்து நாள். கைத்தொலைபேசி கையில் இருக்காது. வேறு வேறு பள்ளிகளிலிருந்து வந்த, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஒரே குழு. கூடாரம் அடிக்கணும், வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கணும், கயாக் கவிழ்ந்தால் திரும்ப ஏறணும்.

அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த நமக்கு இதெல்லாம் எதுக்கு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். நியாயமான கேள்விதான். வழி சொல்லத் தொலைபேசி இருக்கிறது, பசித்தால் கீழே உணவங்காடி இருக்கிறது.

இந்தப் பயிற்சியை உருவாக்கியவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அவர் பெயர் குர்ட் ஹான். ஜெர்மனியில் பிறந்த யூதர். பள்ளி ஆசிரியர். அவர் ராணுவ வீரர் இல்லை, மலையேறியும் இல்லை. சொல்லப்போனால், வெயிலில் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியாதவர்.

இருட்டறையில் ஓர் இளையர்

ஹான் 1886ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி பெர்லினில் பிறந்தார். அப்பா தொழிலதிபர். பணத்துக்குக் குறைவில்லாத வீடு.

16 வயதில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் டோலமைட்ஸ் பகுதியில் நடைப்பயணம் போனார். அங்கே இங்கிலாந்திலிருந்து வந்திருந்த சில மாணவர்களைச் சந்தித்தார். அவர்கள் படித்தது அபட்ஸ்ஹோம் என்ற பள்ளியில். அங்கு வகுப்பறைப் படிப்போடு தோட்ட வேலை, தச்சு வேலை, மலையேற்றம் எல்லாமே பாடம். அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு ஜெர்மானிய ஆசிரியர் எழுதிய புத்தகத்தையும் அவர்கள் ஹானுக்குக் கொடுத்தார்கள். (புத்தகத்தின் தலைப்பு என்ன தெரியுமா? பள்ளியின் பெயரைப் பின்னாலிருந்து முன்னாலே எழுதியது. அந்தக் காலத்து நகைச்சுவை.) ஒருநாள் தானும் ஒரு பள்ளி தொடங்கணும் என்ற ஆசை அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு வருடம் கழித்து, 1904இல், படகு வலித்துக்கொண்டிருந்தவரை வெயில் கடுமையாகத் தாக்கியது. சாதாரண மயக்கம் இல்லை. நெடுநாள் இருட்டறையில் படுத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க வெயிலும் வெளிச்சமும் அவருக்கு ஆகவில்லை. அகன்ற விளிம்பு வைத்த தொப்பி இல்லாமல் அவர் வெளியே போவதே அரிது.

ஆக்ஸ்ஃபர்டில் படித்த காலத்தில் கோடை வந்தால் அவர் ஸ்காட்லந்தின் வடக்கே, மோரே என்ற கடலோரப் பகுதிக்குப் போய்விடுவார். அங்கே வெயில் குறைவு, காற்று குளிர்ச்சி. அந்த ஊரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

உடம்பு ஒத்துழைக்காத ஒருவர், பிள்ளைகளின் உடம்பைப் பற்றி இவ்வளவு யோசித்தது விசித்திரமாகத் தெரியலாம். எனக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. ஓடியாடிக்கொண்டிருந்தவர் 18 வயதில் ஓர் அறைக்குள் முடங்கினால், உடம்பால் என்ன முடியும், எது முடியாது என்று நம்மைவிட அதிகமாகத்தானே யோசிப்பார்?

ஒரு போர், பிறகு ஒரு பள்ளி

1914இல் முதல் உலகப் போர் வெடித்ததும் ஹான் ஜெர்மனிக்குத் திரும்பினார். போர்முனைக்குப் போகும் உடல்நிலை இல்லை. அதனால் ஆங்கிலச் செய்தித்தாள்களைப் படித்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதும் வேலை கிடைத்தது. போர் முடியும் தறுவாயில் பாடன் இளவரசர் மாக்ஸின் செயலாளரானார். மாக்ஸ், ஜெர்மானியப் பேரரசின் கடைசித் தலைமை அமைச்சர். 1918 அக்டோபர், நவம்பர் மாதங்களில் சில வாரங்களே அந்தப் பதவியில் இருந்தார்.

போரில் ஜெர்மனி தோற்றது. பேரரசர் போய்விட்டார். மாக்ஸ் தன் கோட்டைக்குத் திரும்பினார். ஹானும் கூடவே போனார். அந்தக் கோட்டையில் இருவரும் சேர்ந்து 1920இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஊரின் பெயர் ஸாலெம். எழுத்துப்படி நம்ம சேலம்தான்! ஆனால் தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது ஜெர்மனியின் தெற்கே, போடன் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஸாலெம் பள்ளியில் காலையில் எழுந்ததும் ஓட்டம். பிறகு குளிர்ந்த நீரில் குளியல். வகுப்புகளுக்கு நடுவே ஓட்டம், தாண்டுதல், எறிதல். நீண்ட நடைப்பயணங்களும் உண்டு. இன்னொன்று: ஒவ்வொரு மாணவரும் தான் செய்யவேண்டியவற்றை ஓர் அட்டவணையில் எழுதி, தினமும் செய்தேனா இல்லையா என்று தானே குறித்துக்கொள்ளணும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். நேர்மையாகக் குறிப்பது மாணவரின் பொறுப்பு.

குளிர்நீர்க் குளியலைப் பற்றி அங்கு படித்தவர்கள் எல்லாருக்கும் இனிய நினைவுகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே கூடாரம், அதே திசைகாட்டி

இந்தக் கதையில் நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டிய இடம் இது.

1920களிலும் 1930களிலும் ஜெர்மனியில் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப்போனது ஹான் மட்டும் இல்லை. நாஜிக் கட்சியின் இளையர் அமைப்பும் அதையேதான் செய்தது. ஹிட்லர் இளையர் படையில் சேர்ந்த பையன்கள் கூடாரம் அடித்தார்கள், நெருப்பு மூட்டினார்கள், வரைபடம் படித்தார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு மைல்கணக்கில் நடந்தார்கள். பலருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டை விட்டு, நண்பர்களோடு, நட்சத்திரங்களுக்குக் கீழே தூங்கினால் யாருக்குத்தான் பிடிக்காது?

திறன்கள் ஒன்றுதான். முடிச்சு ஒன்றுதான். ஆனால் அந்தப் பையன்களைத் தயார்படுத்தியது போருக்கு.

அதாவது, காட்டில் பிழைக்கத் தெரிந்தால் நல்ல மனிதராகிவிடுவோம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த உண்மை ஹானின் கண் முன்னாலேயே நடந்தது.

1932 ஆகஸ்ட் மாதம் பொட்டெம்பா என்ற கிராமத்தில் நாஜி அடியாட்கள் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். கம்யூனிஸ்ட் ஆதரவாளரான ஒரு தொழிலாளியை அவருடைய அம்மாவின் கண் முன்னால் அடித்தே கொன்றார்கள். நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஹிட்லர் என்ன செய்தார் தெரியுமா? கொலையாளிகளுக்கு ஆதரவு தெரிவித்துத் தந்தி அனுப்பினார்.

அப்போது ஹிட்லர் இன்னும் ஆட்சிக்கு வரவில்லை. ஆனால் வரப்போகிறார் என்பது பலருக்கும் புரிந்திருந்தது. பெரும்பாலான பள்ளித் தலைமையாசிரியர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஹான் ஸாலெமின் முன்னாள் மாணவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார். நாஜிப் படைப்பிரிவுகளில் இருப்பவர்கள் ஒரு முடிவுக்கு வரணும். ஹிட்லரோடு இருப்பதென்றால் ஸாலெமோடு உறவை முறித்துக்கொள்ளணும், இல்லையென்றால் ஹிட்லரை விடணும். கடிதத்தின் சாரம் அதுதான்.

யூதர் ஒருவர், நாடறிந்த ஒரு பள்ளியின் தலைவர், 1932இல் எழுதிய கடிதம் அது. அதன் ஆபத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதத்தில் ஹான் கைதானார். அவருக்கு பிரிட்டனில் நண்பர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டோனல்டே தலையிட்டார். ஹான் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் 47 வயதில் நாட்டை விட்டு பிரிட்டனுக்குப் போனார்.

பள்ளி போனது. நாடு போனது. கையில் இருந்தது ஒரு யோசனை மட்டும்.

காப்பாற்றத் தெரிந்தவர்கள்

வெயில் குறைந்த மோரே பகுதியைச் சொன்னேன் அல்லவா? ஹான் அங்கேதான் போனார். 1934இல் கோர்டன்ஸ்டன் என்ற பழைய மாளிகையில் புதிய பள்ளியைத் தொடங்கினார். ஆரம்பத்தில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு. அவர்களில் ஒருவர், ஸாலெமில் கொஞ்ச காலம் படித்துவிட்டு வந்த கிரேக்க அரச குடும்பத்துப் பையன். பெயர் பிலிப். பின்னாளில் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் கணவர்.

கோர்டன்ஸ்டனில் ஹான் ஒரு புது விஷயத்தைச் சேர்த்தார். அங்கே கடல் பக்கத்தில் இருக்கிறது. கரடுமுரடான கடல். மீன்பிடிப் படகுகள் ஆபத்தில் சிக்குவதுண்டு. அதனால் மாணவர்களைக் கடலோரக் காவல் பணிக்குப் பழக்கினார். புயல் இரவுகளில் பையன்கள் முறைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு தீயணைப்பு, மலை மீட்பு என்று அந்தப் பணிகள் விரிந்தன.

நாஜி முகாமுக்கும் தன் பள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் இப்படித்தான் வரையறுத்தார். திசைகாட்டி பார்க்கக் கற்றுக்கொள்கிறாயா? நல்லது. வழி தவறிப்போன ஒருவரைத் தேடிப்போய்க் கூட்டிவர அது உனக்கு உதவணும். கயிறு கட்டக் கற்றுக்கொள்கிறாயா? பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்கத்தான்.

இளையர்களைப் போர் ஏன் ஈர்க்கிறது என்ற கேள்வி ஹானை விடவில்லை. அமெரிக்கச் சிந்தனையாளர் வில்லியம் ஜேம்ஸ் முன்பே கேட்ட கேள்விதான் அது: போர் தரும் துணிச்சலையும் தோழமையையும், கொலை இல்லாமல் பெற வழி உண்டா? உயிரைக் காப்பாற்றும் பணிதான் வழி என்பது ஹானின் பதில்.

1936இல் அவர் மோரே விருது என்ற ஒன்றை ஏற்படுத்தினார். தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் முயற்சி செய்யலாம். உடல் திறன், ஒரு கைத்தொழில், ஒரு பயணம். பிலிப் இதை மறக்கவில்லை. 20 ஆண்டு கழித்து, 1956இல், எடின்பரோ கோமகன் விருது பிரிட்டனில் தொடங்கியது. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய தேசிய இளையர் சாதனை விருதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். உங்கள் பள்ளியில் யாராவது அந்த வெண்கல விருது வாங்கியிருந்தால், மோரே கடலோரத்தில் ஆரம்பித்த ஒன்றைத்தான் அவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

உயிர்காப்புப் படகில் யார் பிழைத்தார்கள்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. கோர்டன்ஸ்டன் வளாகம் ராணுவத்தின் தேவைக்குப் போக, பள்ளி வேல்ஸுக்கு இடம் மாறியது.

அதே நேரத்தில் அட்லாண்டிக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பிரிட்டனின் வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அதில் நிறைய இழந்த நிறுவனங்களில் ஒன்று புளூ ஃபனல். லிவர்பூல் நிறுவனம். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். நீலப் புகைபோக்கி வைத்த அந்தக் கப்பல்கள் இந்தத் துறைமுகங்களுக்கு ரொம்பப் பழக்கம். கிரேக்கக் காவிய வீரர்களின் பெயர்கள்தான் அவற்றுக்கு.

அந்த நிறுவனத்தை நடத்தியவர்களில் ஒருவர் லாரன்ஸ் ஹோல்ட். அவருக்கு ஒன்று புரியவில்லை. கப்பல் மூழ்கியதும் மாலுமிகள் உயிர்காப்புப் படகில் ஏறுகிறார்கள். குளிர், தாகம், அலை. மீட்புக் கப்பல் வர நாள்கணக்கில் ஆகலாம். இதில் இறந்துபோகிறவர்களில் இளம் மாலுமிகள் அதிகம், வயதான மாலுமிகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கருதினார்.

தலைகீழாக அல்லவா இருக்கணும்? உடல் வலிமை இளையர்களுக்குத்தானே?

ஹோல்டின் விளக்கம் இதுதான். பழைய மாலுமிகள் பாய்மரக் கப்பல் காலத்தில் வேலை கற்றவர்கள். காற்றோடும் அலையோடும் நேரடியாக மல்லுக்கட்டியவர்கள். இளையர்கள் நீராவிக் கப்பலில் வளர்ந்தவர்கள். இயந்திரம் நின்றதும் தங்களால் எதுவும் முடியாது என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. இது ஒரு கப்பல் முதலாளி தன் அனுபவத்தில் கண்டது, ஆய்வு முடிவு இல்லை. ஆனாலும் அந்தக் கருத்து ஹானுக்கு நெஞ்சில் பட்டது.

இருவரும் சேர்ந்து 1941 அக்டோபரில் வேல்ஸ் கடலோரத்தில் அபர்டவி என்ற சிற்றூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். பணமும் மாலுமிகளும் ஹோல்டுடையவை, பாடத்திட்டம் ஹானுடையது. பெயரை வைத்தவரும் ஹோல்ட். துறைமுகத்தை விட்டு விரிகடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது: அவுட்வர்ட் பவுண்ட்.

ஒரு பயிற்சி சுமார் நான்கு வாரம். கப்பலில் சேரும் பையன்கள், தொழிற்சாலையில் வேலை கற்கும் பையன்கள், பள்ளி மாணவர்கள் எல்லாரும் ஒரே குழுவில். சிறு படகு ஓட்டுதல், வரைபடமும் திசைகாட்டியும் வைத்து நாட்டுப்புறத்தைக் கடத்தல், மீட்புப் பயிற்சி, கடலில் ஒரு பயணம், மலையில் ஒரு பயணம், ஊர்மக்களுக்குச் சேவை. இன்று உபினில் நடப்பதன் சட்டகம் அன்றே அங்கே இருக்கிறது.

அப்படி என்னதான் கற்றுக்கொடுத்தார்கள்?

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கை. வரைபடத்தில் மேலே இருப்பது வேறு வடக்கு. சிங்கப்பூரில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. அதனால் நமக்குப் பெரிதாகத் தெரியாது. ஹானின் காலத்து ஸ்காட்லந்தில் அது பத்துப் பாகைக்கும் மேல். பத்துப் பாகை தப்பினால் ஒரு கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது சுமார் 175 மீட்டர் விலகியிருப்பீர்கள். மூடுபனியில், மலைமுகட்டில், அந்த 175 மீட்டரில் பாதையும் இருக்கலாம், பள்ளத்தாக்கும் இருக்கலாம். கணக்குப் பாடத்தில் ஒரு பாகை தப்பினால் அரை மதிப்பெண் போகும். அங்கே கணக்கு வேற மாதிரி.

இல்லையென்றால் கயாக். கவிழ்ந்த கயாக்கில் தண்ணீர் நிறைந்துவிட்டால் தனியாளாக அதை நிமிர்த்தி ஏறுவது ரொம்பக் கஷ்டம். பக்கத்தில் இருப்பவர் வரணும். உங்கள் படகின் முனையைத் தன் படகின் மேல் இழுத்துத் தூக்குவார். தண்ணீர் வழிந்துபோகும். பிறகு அதை நிமிர்த்தி, தன் படகோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்வார். அப்புறம்தான் நீங்கள் ஏற முடியும். அவர் பயந்தால் உங்களால் ஏற முடியாது. நீங்கள் பதறி அவர் படகைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் தண்ணீரில். முதல் நாள் பெயர்கூடத் தெரியாத ஒருவர்தான் மூன்றாம் நாள் உங்கள் படகைப் பிடித்திருப்பார்.

உபினில் பிள்ளைகளை ஏன் வேறு பள்ளிப் பிள்ளைகளோடு கலக்கிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த நல்ல பதில் அந்தக் கயாக்தான்.

மலாயாக் காட்டுக்குள் ஒரு முன்னாள் ஆசிரியர்

போருக்கு முன் கோர்டன்ஸ்டனில் ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மன். ஹானிடம் வருவதற்கு முன்பே அவர் கிரீன்லந்துக்கும் இமயமலைக்கும் போய்வந்தவர். அதனால் காட்டறிவை அவருக்கு ஹான் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது.

போரில் அவர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். ஜூரோங் பக்கம் தஞ்சோங் பாலாயில் ஒரு ரகசியப் பயிற்சிப் பள்ளி இருந்தது. அதில் வேலை. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது, 1942 தொடக்கத்தில், அவர் காட்டுக்குள்ளேயே தங்கிவிட்டார். 1945 மே வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேல். மலேரியா, புண், பசி எல்லாம் வந்தன. பிழைத்தார்.

1949இல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் 'த ஜங்கிள் இஸ் நியூட்ரல்'. காடு யார் பக்கமும் இல்லை என்பது பொருள். காட்டில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் வீரர்கள் பலர் ஒரு குறிப்பிட்ட நோயால் இறந்ததைவிட, இங்கே பிழைக்கவே முடியாது என்று நம்பியதால் இறந்தார்கள் என்பது அவர் கருத்து. லாரன்ஸ் ஹோல்ட் உயிர்காப்புப் படகைப் பற்றிச் சொன்னதும் அதுதானே? ஒருவர் அட்லாண்டிக்கில் பார்த்ததை இன்னொருவர் மலாயாக் காட்டில் பார்த்திருக்கிறார்.

ஒன்றை மறக்கக் கூடாது. சாப்மனும் அவரோடு இருந்த கெரில்லாக்களும் காட்டு வழிகளுக்கு ஒராங் அஸ்லி மக்களைப் பெரிதும் நம்பியிருந்தார்கள். எந்தக் கொடியில் தண்ணீர் இருக்கும், எந்த இலை கூரைக்கு ஆகும் என்பது அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் வந்த அறிவு இல்லை. நாம் இன்று கட்டணம் கட்டிக் கற்பதில் பெரும்பகுதி அப்படிப்பட்ட மக்களிடமிருந்து வந்தது. அவர்களுக்குச் சான்றிதழ் யாரும் கொடுத்ததில்லை.

லூமுட்டிலிருந்து உபினுக்கு

போர் முடிந்ததும் அவுட்வர்ட் பவுண்ட் பிரிட்டனைத் தாண்டிப் பரவியது. முதலில் வந்த இடங்களில் ஒன்று நம் வட்டாரம்தான். 1950களின் நடுவில், மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, பேராக் மாநிலத்தின் லூமுட்டில், பங்கோர் தீவுக்கு எதிரே, ஒரு பள்ளி வந்தது. இன்றும் இருக்கிறது. மலேசியாவில் படிக்கும் உங்களில் சிலர் அங்கே போயிருப்பீர்கள்.

சிங்கப்பூருக்கு வந்தது 1967இல். சுதந்திரம் கிடைத்து இரண்டே வருடம். தேசிய சேவை தொடங்கிய அதே வருடம். முன்னின்று தொடங்கியவர் டாக்டர் கோ கெங் சுவீ. இளையர்கள் உறுதியானவர்களாக இருக்கணும் என்பது அன்றைய அரசாங்கத்தின் கவலை. சின்னஞ்சிறு நாடு, சொந்தப் படை அப்போதுதான் உருவாகிறது. கவலைப்படக் காரணம் இருந்தது.

அப்படியானால் ஹான் எதிர்த்த இடத்துக்கே, படைக்கு ஆள் தயார்செய்யும் இடத்துக்கே, அவருடைய யோசனை வந்து சேர்ந்துவிட்டதா? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அபர்டவியும் போர்க்காலத்தில் மாலுமிகளுக்காகத் தொடங்கியதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நாட்டைக் காக்கத் தயாராவதற்கும் அடுத்த நாட்டைப் பிடிக்கத் தயாராவதற்கும் வித்தியாசம் உண்டு என்றுதான் ஹான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். காலப்போக்கில் உபின் பள்ளி தற்காப்பு அமைச்சிலிருந்து மக்கள் கழகத்துக்கு வந்து, இப்போது தேசிய இளையர் மன்றத்தின் கீழ் இருக்கிறது.

ஐந்து நாளில் ஒருவர் மாறிவிடுவாரா என்பது இன்னொரு கேள்வி. 1997இல் ஜான் ஹாட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தன்னம்பிக்கை, தன் வாழ்க்கை தன் கையில் என்ற எண்ணம் போன்றவை கூடியிருந்தன. பயிற்சி முடிந்து மாதங்கள் ஆன பிறகும் பலன் தேயவில்லை என்பதுதான் அவர்களை வியக்கவைத்தது. ஆனால் நீண்ட பயிற்சிகளுக்கே பலன் அதிகம். ஹானுக்கு நான்கு வாரம் கிடைத்தது, உங்களுக்கு ஐந்து நாள். அதை வைத்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கடைசிக் காலம்

ஹானைக் குறை சொன்னவர்களும் உண்டு. சர்வாதிகாரமான தலைமையாசிரியர் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்க்கிறார் என்றார்கள். கோர்டன்ஸ்டனில் பிலிப் மகிழ்ச்சியாக இருந்தார். 1962இல் அங்கே சேர்க்கப்பட்ட அவருடைய மகன் சார்ல்ஸுக்கு, இன்றைய பிரிட்டிஷ் மன்னருக்கு, அந்தப் பள்ளி பிடிக்கவே இல்லை. ஒரே குளிர்நீர் ஒருவருக்கு உற்சாகம் தருகிறது, இன்னொருவருக்குத் தண்டனையாகிறது. உபினில் உங்கள் குழுவிலும் இரண்டு வகையும் இருந்திருப்பார்கள்.

1953இல் ஹான் கோர்டன்ஸ்டனிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் சும்மா இருக்கவில்லை. 1962இல் வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்குவதற்கு முக்கியக் காரணம் அவர்தான். இரண்டு உலகப் போர்களில் எதிரெதிரே நின்ற நாடுகளின் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் படிக்கணும், ஒரே மீட்புப் படகில் போகணும் என்பது திட்டம். அதிலிருந்து வளர்ந்ததுதான் யுனைட்டெட் வோர்ல்ட் காலேஜஸ். சிங்கப்பூரில் டோவர் சாலைப் பக்கம் போனால் அதன் கிளையைப் பார்க்கலாம்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தன்னைத் துரத்திய ஜெர்மனிக்கே முதுமையில் திரும்பிப்போய், ஸாலெமுக்குப் பக்கத்தில் வாழ்ந்தார். 1974 டிசம்பர் 14ஆம் தேதி, 88 வயதில் காலமானார். ஸாலெமிலேயே அடக்கம் செய்தார்கள்.

உபின் பள்ளிக்கு அப்போது ஏழு வயது.